அறியாக் கருவி ஆஜர்

விசாரணை அறையில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் யாரும் மாற்றிச் சொல்ல இடமிருக்கக் கூடாது.

மேசைக்குப் பின்னால், துண்டு விரித்த சுழல் நாற்காலியில், தனி அலுவலர் அறிவுச்செல்வன். அவருக்கு இடப்பக்கம், கம்ப்யூட்டர் திரைக்கு மறைவில், உதவியாளர் அருணாதேவி. நெற்றியும் தலையில் வைத்த பூவும் மட்டும் தெரிந்தன. வலப்பக்கம், ஜன்னலை அடைத்துப் போட்டிருந்த பீரோவில் சாய்ந்தபடி கள ஆய்வாளர் பிரசாத். கதவோரம் டபேதார், நின்றபடி. சுவரை ஒட்டிப் போட்டிருந்த முக்காலியில் சடையன். அவருக்குப் பக்கத்தில், முழங்கால் வலியோடு தரையில், அவர் மனைவி கஸ்தூரி. மகள் ஆர்த்தி உட்காரவில்லை.

மேசைக்கு நேர் எதிரே, மின்விசிறிக்குக் கீழே, மெத்தை வைத்த நாற்காலிகள் வரிசையாகக் காலியாக இருந்தன. கஸ்தூரி முதலில் அவற்றில் ஒன்றில்தான் உட்காரப் போனாள். டபேதார் பதறிவிட்டார்.

"அதுல உக்காராதம்மா! அது அறியாக் கருவிங்களுக்குப் போட்டது."

"யாருக்கு?"

"உங்க வீட்டு வைஃபையில யாருனே தெரியாம சேர்ந்துக்கிட்டிருக்குதே, அதுங்களுக்கு. விசாரணைக்குக் கூப்பிட்டா உக்கார எடம் கொடுக்கணும். இல்லன்னா நாளைக்குக் கோர்ட்டுல கேள்வி வரும்."

சடையன் குடும்பம் அங்கே வந்த காரணம் இது. ஆர்த்திக்கு வேலூரில் அரசு மருந்துக் கிடங்கு ஒன்றில் உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். சேரும்போது கொடுக்க வேண்டிய சான்றுகளோடு புதிதாக ஒன்றும் சேர்ந்திருந்தது. அதன் பெயர் இல்ல இணையத் தூய்மைச் சான்று. எங்கோ ஓர் ஊரில், யாருடைய வீட்டு வைஃபையிலோ யாரோ நுழைந்து ஏதோ செய்துவிட்டார்களாம். என்ன செய்தார்கள் என்பது ரகசியம். அதற்குப் பிறகுதான், வீடுகளின் வைஃபையில் சேரும் ஊர் பேர் தெரியாத போன்களையும் பொட்டிகளையும் கண்டுபிடிக்க, இல்ல இணைய அறியாக் கருவிகள் அடையாளப் பிரிவு என்று ஒன்று திருவண்ணாமலையில், ஒரு பாத்திரக் கடையின் மேல்மாடியில், தொடங்கப்பட்டது.

சான்றுக்கான மனுவில் ஒரு கேள்வி இருந்தது. 'தங்கள் இல்ல இணையத்தில் அறியாக் கருவிகள் உண்டா? உண்டெனில் விவரம் இணைக்க.' சடையன் கீழ்பென்னாத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கேட்ட கேள்விக்கு விடை எழுதாமல் விட்டால் வாத்தியார் வெளியே நிறுத்துவார் என்பது அங்கே அவர் கற்றவற்றில் இன்னும் மறக்காத ஒன்று. "உண்டுனே எழுதும்மா. இருக்கறத இருக்குதுனுதான எழுதணும்" என்றார். ஆர்த்தி வைஃபையின் பக்கத்தைப் போனில் திறந்து, அதில் பதிவாகியிருந்த போன்களின் பெயர்களை ஒன்று விடாமல் எழுதி இணைத்தாள்.

பெயர்கள் ஏராளமாக இருந்ததற்குக் காரணம் மோர். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி அவர்கள் வீடு இருக்கிறது. பௌர்ணமிதோறும் வாசலில் மோர்ப்பந்தல் போடுவார்கள். அன்றைய கூட்டத்தில் எந்தப் போனுக்கும் சிக்னல் இருக்காது. கூட வந்தவர்களைத் தவறவிட்டவர்கள் நடுப்பாதையில் நின்று அழுவார்கள். ஒருமுறை செஞ்சியிலிருந்து வந்த பெண் குழந்தையைக் காணாமல் தவித்தபோது, ஆர்த்தி வீட்டு வைஃபையைக் கொடுத்துப் பேச வைத்தாள். குழந்தை கிடைத்தது. அதிலிருந்து மோர்ப் பானைக்குப் பக்கத்தில் வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் எழுதிய அட்டை ஒன்றையும் சடையன் தொங்கவிட்டார். தாகத்துக்கு மோர் கொடுப்பதும் தவிப்புக்கு இதைக் கொடுப்பதும் அவருக்கு ஒன்றாகத்தான் பட்டது.

"ஆரம்பிக்கலாம்" என்றார் அறிவுச்செல்வன்.

டபேதார் கதவைத் திறந்து மாடிப்படியைப் பார்த்துக் கூவினார். "செங்கம் மணி ஆஜரா? செங்கம் மணி ஆஜரா? செங்கம் மணி ஆஜரா?"

கீழே பாத்திரக் கடையில் யாரோ குக்கரைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"ஆஜர் இல்லைங்கய்யா."

"எழுதிக்கங்க. அடுத்தது."

"ஓம் நமசிவாய ஆஜரா?"

கடைக்கு வந்த யாரோ கீழிருந்து "ஓம் நமசிவாய" என்று பதில் சொன்னார்கள். அருணாதேவி தட்டச்சை நிறுத்திவிட்டு அலுவலரைப் பார்த்தார்.

"அது ஆஜர்ல சேராது. வெறும் பக்தி" என்றார் அலுவலர்.

அடுத்த போனுக்கு அதன் சொந்தக்காரர் 'டேய் தொடாதே' என்று பெயர் வைத்திருந்தார். முன்பின் தெரியாத ஒருவரை அப்படிக் கூப்பிடலாமா என்று டபேதார் சற்று யோசித்தார். பிறகு, "தொடாதீங்க ஆஜரா?" என்று மரியாதையாகவே கூவினார். அவரும் வரவில்லை.

சடையன் முக்காலியிலிருந்து எழுந்தார். "அய்யா, இதெல்லாம் கிரிவலம் வந்தவங்க போனுங்க. மோரு குடிச்சாங்க, பேசினாங்க, போயிட்டாங்க. எங்க ஊட்டுல இருக்கறது மூணே போனு."

"அது உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மத்தவங்க ஊட்டு வைஃபையிலயும் இந்த மாதிரி இருக்குமேங்க. அவங்கல்லாம் சான்று வாங்கிட்டுப் போறாங்களே?"

அறிவுச்செல்வன் பேனாவை மூடி வைத்தார். "அவங்க 'இல்லை'னு எழுதறாங்க. இல்லைனு எழுதறவங்கள நாங்க சந்தேகப்படறதில்ல. சந்தேகப்பட அங்க ஒண்ணும் இல்லையே? நீங்கதான் இருக்குனு எழுதினீங்க. இந்தப் பிரிவு ஆரம்பிச்சதுல இருந்து இருக்குனு எழுதின மொத ஆள் நீங்கதான். உங்கள விட்டுட்டா நாங்க யாரை விசாரிக்கறது? நாங்க எதுக்கு இருக்கோம்னு மேல இருந்து கேட்க மாட்டாங்களா?"

"சார்" என்றாள் ஆர்த்தி. "பாஸ்வேர்ட மாத்திட்டேன். பழைய போன் எதுவும் இனிமே சேர முடியாது. இன்னொண்ணு, இப்ப வர போனுங்க ஒவ்வொரு எடத்துலயும் வேற வேற நம்பர் காட்டும். ஒரே போனு பத்துப் போனு மாதிரி தெரியும். பட்டியல்ல இருக்கற அளவுக்கு ஆளுங்க இருக்க மாட்டாங்க."

அருணாதேவியின் நெற்றி திரைக்கு மேலே சற்று உயர்ந்தது.

"உங்க போனும் அப்படித்தான் காட்டுமா?" என்று கேட்டார் அறிவுச்செல்வன்.

"அப்படி வெச்சிருந்தா காட்டும் சார்."

"அப்போ நேத்து இருந்த நீங்கதான் இன்னிக்கு இருக்கற நீங்கன்னு நிரூபிக்க உங்களால முடியாது. அருணா, இதை எழுதிக்கங்க." அவர் குரல் மாறவேயில்லை. "பாஸ்வேர்ட மாத்தினது பெரிய தப்பு. கருவிங்கள நாங்க விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கோம். நீங்க கதவ சாத்திட்டா அதுங்க எப்படி வரும்? இன்னிக்கே பழசையே வையுங்க. அந்த அட்டையும் வாசல்ல தொங்கணும். எடுத்தா சாட்சியத்த அழிச்சதா ஆகும்."

விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. கஸ்தூரி சுவரைப் பிடித்து எழுந்தாள். போகும்போது காலி நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு போனாள்.

அடுத்த பௌர்ணமி அன்று மத்தியானத்திலிருந்தே கிரிவலப் பாதையில் ஒரு ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு சுற்றியது. "அடி அண்ணாமலை, சடையன் வீட்டு வைஃபையில் இதற்கு முன் இணைந்த கருவிகள் அனைத்தும் அடையாளப் பிரிவின் முன் ஆஜராகுமாறு அறிவிக்கப்படுகின்றன. ஆஜராகாத கருவிகள் ஆஜராகாதவையாகக் கருதப்படும்." சொல்லி முடித்ததும் சிவன் பாட்டு போடுவார்கள். பாட்டு முடிந்ததும் மறுபடியும் சடையன் பெயர்.

சாயங்காலம் பந்தலில் பானை நிறைய மோர் இருந்தது. அட்டை தொங்கியது. கூட்டமும் வழக்கம்போல வந்தது. ஆனால் வீட்டை நெருங்கியதும் மக்கள் பாதையின் மறுபக்கத்துக்கு நகர்ந்துகொண்டார்கள். சிலர் போனை எடுத்து அணைத்து மடியில் செருகிக்கொண்டு, வீட்டைத் தாண்டியபின் மறுபடி எடுத்தார்கள். ஒரு சிறு குழந்தை மோரைப் பார்த்துக் கை நீட்டியது. அதன் அம்மா அதன் கையை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். தப்புச் செய்தவரின் வீடு எது என்று தெரிந்துகொள்ள முன்பெல்லாம் விசாரிக்க வேண்டியிருக்கும். இப்போது பாதை முழுக்க மைக்கிலேயே வழி சொன்னார்கள்.

பக்கத்து வீட்டுச் சரசுவின் மகன் குவைத்தில் வேலை செய்கிறான். அவள் தினமும் காலையில் சடையன் வீட்டு மதில் ஓரம் நின்று, அந்த வைஃபையில்தான் அவனோடு பேசுவாள். அடுத்த நாள் அவள் மதிலுக்கு வரவில்லை. தெருவில் நின்றே கூப்பிட்டாள்.

"அண்ணா, என் பேரையும் எழுதிக் கொடுத்துட்டியா?"

"உன் பேரு தெரிஞ்ச பேரும்மா. அவங்க தெரியாததத்தான் கேக்கறாங்க."

"எனக்கு அதெல்லாம் புரியாதுண்ணா. ஆபீஸ்ல கேட்டா சரசுன்னு ஒருத்தி இருக்கறதே தெரியாதுனு சொல்லிடு. உனக்குப் புண்ணியமாப் போவும்." அவள் போய்விட்டாள். பிறகு தண்ணீர் பிடிக்க வரும்போதும் அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அந்த வாரம் பிரசாத் கள ஆய்வுக்கு வந்தார். வீட்டில் இருந்த ஒவ்வொரு பொருளையும் பார்த்து, "இது நெட்டுல சேருமா?" என்று கேட்டார். டிவி, மிக்ஸி, போர் மோட்டாரின் ஸ்டார்ட்டர், கஸ்தூரியின் காது மெஷின். சுவரில் மாட்டியிருந்த சடையனின் மாமனார் படத்தையும் கேட்டார். "அவரு செத்துப் பத்து வருசம் ஆச்சுங்க" என்றாள் கஸ்தூரி. "அது எனக்குத் தேவையில்லம்மா. சேருமா சேராதா?" என்றார் பிரசாத். சேராது என்று எழுதிக்கொண்டார்.

பிறகு பையிலிருந்து கை அகலக் கறுப்புப் பொட்டி ஒன்றை எடுத்தார். வாசலுக்குப் போய் அட்டையில் இருந்த பாஸ்வேர்டைப் பார்த்துவந்து அதில் போட்டார். கூடத்து அலமாரியில் வைத்து, பிளக்கைச் சொருகினார். பச்சை விளக்கு ஒன்று சிமிட்டத் தொடங்கியது.

"இது இங்கயே இருக்கும். தொடக் கூடாது, நகர்த்தக் கூடாது, அணைக்கக் கூடாது."

ஆர்த்தி தன் போனைத் திறந்து பார்த்தாள். "சார், இது பேரே இல்லாம புதுக் கருவினு காட்டுது. ஏற்கெனவே இருக்கறது பத்தாதா? இது உங்க பொட்டினு எழுதிக் கொடுத்துடுங்க."

"எந்தப் பொட்டி எங்களுதுனு நாங்க வெளியில சொல்லக் கூடாதும்மா. சொன்னா தப்பு பண்றவங்க உஷாராயிடுவாங்க."

"நீங்கதானே சார் இப்ப எங்க கண்ணு முன்னாடி வெச்சீங்க?"

"அதைப் பத்தியும் நான் எதுவும் சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டு, கஸ்தூரி கொடுத்த காபியைக் குடித்தார்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்தது. ஆள் பேசினால் பொட்டி வேகமாகச் சிமிட்டுகிறது என்றாள் கஸ்தூரி. அப்படியெல்லாம் இல்லை என்றாள் ஆர்த்தி. ஆனால் அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். சாப்பிடும்போது மூவரும் பொட்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். முதுகு காட்டுவது மரியாதைக் குறைவாகப் படுமோ என்று கஸ்தூரிக்குத் தோன்றியதால், பிறகு பக்கவாட்டில் உட்கார்ந்தார்கள். ஒருநாள் அவள் அதன்மேல் சோற்றுக் குண்டானைக் கவிழ்த்து வைத்தாள். அன்று மத்தியானமே பிரிவிலிருந்து போன் வந்தது. "விசாரணைக்கு இடைஞ்சல் செய்ய வேண்டாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்கள். அவள் ஓடிப்போய்க் குண்டானை எடுத்தாள். சடையன் வயலுக்குப் போவதாகச் சொல்லிப் போய், வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டு வருவார்.

மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. வேலூரிலிருந்து ஆர்த்திக்கு நினைவூட்டல் வந்தபின் இரண்டாவது விசாரணை நடந்தது.

இந்த முறை காலி நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்றவை என்ன ஆயின என்று அலுவலரே மகிழ்ச்சியோடு சொன்னார். "மேலிடத்துல பேசினேன். பௌர்ணமி அன்னிக்கு சேர்ந்த கருவிங்க எல்லாத்தையும் 'பக்தி நிமித்தம் இணைந்தவை'னு ஒரே வகையாப் போட்டுட்டோம். நூத்துக்கணக்கான கருவிங்கள ஒரே கையெழுத்துல அடையாளம் கண்ட பிரிவு தமிழ்நாட்டுலயே நம்மளுதுதான். பாராட்டு வந்திருக்கு."

"அப்போ சான்று..." என்றார் சடையன்.

"ஒண்ணே ஒண்ணு மிச்சம். பேரு இல்ல. பௌர்ணமி அன்னிக்குச் சேரல. ராத்திரி பகல்னு விடாம இணைஞ்சே இருக்குது. இருக்கறதுலயே ஆபத்தானது இதுதான்."

"சார், அது இவரு வெச்ச பொட்டி!" ஆர்த்தி பிரசாத்தைக் காட்டினாள். "எங்க கூடத்துல இப்பவும் சிமிட்டிக்கிட்டு இருக்குது."

பிரசாத் பீரோவின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கலாம்" என்றார் அறிவுச்செல்வன். "ஆனா பிரிவோட கருவி எதுனு பிரிவு சொல்லாது. சொல்லாத வரைக்கும் அது அறியாக் கருவிதான். அறியாக் கருவி இருக்கற வீட்டுக்குச் சான்று கிடையாது. இதுல என் கையில எதுவும் இல்லம்மா. நான் விதிய எழுதறவன் இல்ல. மீறாம பார்த்துக்கறவன்."

"என் பேர்ல எழுதிக்கங்கய்யா" என்றார் சடையன். "அது என்னோட பொட்டினு நான் கையெழுத்துப் போடறேன்."

"நீங்க வாங்கின ரசீது இருக்கா? உங்களுது இல்லாத பொருளுக்குச் சொந்தம் கொண்டாடினா அது வேற குற்றம். ஒண்ணு பண்ணலாம். கருவி தானா ஆஜராகி வாக்குமூலம் கொடுத்தா இன்னிக்கே முடிச்சிடலாம். இல்லன்னா அடுத்த விசாரணை வர மாசம்."

"வர மாசம்னா என் வேலை போயிடும் சார்" என்றாள் ஆர்த்தி.

"அதுக்காகத்தான் கூப்பிட்டுப் பார்க்கலாங்கறேன்."

டபேதார் கதவைத் திறந்தார். பெயர் இல்லாததால் அவர் அதை எப்படிக் கூப்பிடுவது என்று ஒருகணம் தடுமாறினார். "பேரு இல்லாத கருவி ஆஜரா?" மாடிப்படியில் பதில் இல்லை. கீழே கடையில்கூடச் சத்தம் அடங்கியிருந்தது. "பேரு இல்லாத கருவி ஆஜரா?" அருணாதேவியின் விரல் 'இல்லை' என்பதைத் தட்டத் தயாராக நின்றது. ஆர்த்தி உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். சடையன் மகளைப் பார்த்தார்.

"பேரு இல்லாத கருவி ஆஜரா?"

"ஆஜர்ங்கய்யா" என்றார் சடையன்.

யாரும் சிரிக்கவில்லை. அது தவறு என்றும் யாரும் சொல்லவில்லை. அறிவுச்செல்வனின் முகத்தில் நிம்மதி பரவியது. பிரிவு தொடங்கியதிலிருந்து ஆஜரான முதல் அறியாக் கருவி அது. டபேதார் ஓடிவந்து சடையனின் தோளைப் பிடித்துப் பக்குவமாக அழைத்துப் போய், மெத்தை நாற்காலியில் உட்கார வைத்தார். மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

"எப்போ இந்த வீட்டுல இணைஞ்சீங்க?"

"கல்யாணம் ஆனதுல இருந்துங்க. எனக்குக் கீழ்பென்னாத்தூரு. வீடு இவங்க அப்பாவோடது. நான் வீட்டோட வந்தவன்."

"வெளியில இருந்து வந்து சேர்ந்தது. அருணா, எழுதிக்கங்க. யாரு அனுமதி கொடுத்தது?"

"மாமனாருங்க."

"இப்போ அவரு?"

"படமா இருக்காருங்க."

"அனுமதி கொடுத்தவர் இப்போ இல்ல. ஒரு நாளைக்கு எவ்வளவு எடுத்துக்கறீங்க?"

"ரெண்டு வேளை சோறு. காலையில கூழு. டீ ரெண்டு."

"ஜாஸ்தி இல்ல. இந்த வீட்டு விஷயம் எதையாவது வெளியில அனுப்பியிருக்கீங்களா?"

சடையன் யோசித்தார். "பொண்ணுக்கு வேலை கெடைச்சதுனு டீக்கடையில சொன்னேங்க."

அருணாதேவி வேகமாகத் தட்டினார்.

"போதும் சார்!" என்று ஆர்த்தி முன்னால் வந்தாள். "இவரு எங்க அப்பா!"

அறிவுச்செல்வன் கையை உயர்த்தினார். அவர் கோபப்படவில்லை. இதுவரை பேசாத அளவு கனிவாகப் பேசினார். "யோசிச்சுச் சொல்லும்மா. இந்தக் கருவி உனக்கு ஏற்கெனவே தெரியும்னு சொல்றியா? அப்படின்னா, மனுவில தெரியாதுனு எழுதினது பொய். பொய் மனு கொடுத்தவங்களுக்கு இந்த வேலை மட்டும் இல்ல, எந்த அரசு வேலையும் கெடையாது. தெரியாதுன்னா இன்னிக்கே சான்று. உன் வாயால சொல்லு. இவர அடையாளம் காட்டறியா?"

ஆர்த்தி அப்பாவைப் பார்த்தாள். அவர் மிக லேசாகத் தலையை ஆட்டினார். பரீட்சைக்குப் போகும் மகளுக்கு வாசலில் நின்று ஆட்டுவது போன்ற ஆட்டல்தான். கஸ்தூரி தரையிலிருந்து மகளின் காலைப் பிடித்துக்கொண்டாள். பேசு என்று பிடித்தாளா, பேசாதே என்று பிடித்தாளா என்பது அவளுக்கே தெரிந்திருக்காது.

ஆர்த்தி ஒன்றும் சொல்லவில்லை.

"மனுதாரர் அடையாளம் காட்டவில்லை" என்று அருணாதேவி உரக்கச் சொல்லியபடி தட்டினார்.

அறிவுச்செல்வன் எழுந்து நின்று ஆணையைச் சொன்னார். அதற்கு முன் நான்கு வார்த்தை பேசினார். "ஒரு வீடுன்னா என்ன? தெரிஞ்சவங்க மட்டும் இருக்கற எடம். தெரியாதவங்களே இல்லாத மாவட்டம், அதான் நம்ம லட்சியம். எல்லா வீட்டுலயும் யாரோ ஒருத்தர் தெரியாதவரா இருக்காரு. கூட இருக்கறவங்களுக்கே அது தெரியறதில்ல. நாங்க வந்துதான் காட்ட வேண்டியிருக்குது. ஒவ்வொரு குடும்பமும் இந்த மாதிரி ஒத்துழைச்சா, நாளைக்கு வீடுங்க எல்லாம் சுத்தமா, காலியா, பாதுகாப்பா இருக்கும்."

ஆணை இது. கருவி இல்லத்திலிருந்து நிரந்தரமாக நீக்கப்படுகிறது. வைஃபை எட்டும் தூரத்துக்குள் அது மறுபடி வரக் கூடாது. நீக்கிவிட்டதாக வீட்டு உரிமையாளர் கஸ்தூரி, பிரிவு கொடுக்கும் மாதிரிப்படி கடிதம் எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். கடிதம் சேர்ந்ததும் சான்று வழங்கப்படும்.

"பொண்ணு கல்யாணத்துக்கு வரலாங்களா?" என்று கேட்டார் சடையன்.

"மண்டபத்துல வையுங்க. அங்க வேற வைஃபை."

இறங்கும்போது சடையன் பிரசாத்திடம் மெதுவாகக் கேட்டார். "சார், கருவியே ஆஜராயிடுச்சு. கூடத்துல இருக்கற பொட்டிய எடுத்துக்கறீங்களா?"

"எந்தப் பொட்டி?" என்றார் பிரசாத்.

வீட்டுக்கு வந்ததும் சடையன் இரண்டு வேட்டி, சட்டை, சவரச் சாமான் எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் வைத்தார். கீழ்பென்னாத்தூரில் அண்ணன் மகன் வேர்க்கடலைக் கொட்டகையில் ஒரு கட்டில் இருப்பதாகச் சொல்லியிருந்தான். கஸ்தூரிக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆர்த்தி பேனாவைத் தொட மறுத்துவிட்டாள். கடிதத்தைச் சடையனே எழுத உட்கார்ந்தார். ஓரம் விட்டு, நேர்கோட்டில், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடியே எழுதினார்.

அனுப்புநர்: க. கஸ்தூரி, அடி அண்ணாமலை.
பெறுநர்: தனி அலுவலர், இல்ல இணைய அறியாக் கருவிகள் அடையாளப் பிரிவு, திருவண்ணாமலை.
பொருள்: அறியாக் கருவி நீக்கம் குறித்து.
மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆணைப்படி மேற்படி கருவி எங்கள் இல்லத்திலிருந்து நீக்கப்பட்டது. அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு காலம் இருந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. அதற்கும் எங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

"என்னங்க, கடைசி வரி எழுதித்தான் ஆவணுமா?" என்றாள் கஸ்தூரி.

"மாதிரியில அப்படித்தான் கொடுத்திருக்காங்க. ஒரு வரி விட்டாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. மாசக் கடைசிம்மா."

"எவ்வளவு காலம் இருந்ததுனு தெரியாதுனு எப்பிடிங்க..."

"மெல்லப் பேசு." அவர் அலமாரியைப் பார்த்தார். "கையெழுத்துப் போடு."

அவள் போட்டாள். தன் பெயரின் நான்கு எழுத்தை எழுத அவளுக்கு வெகுநேரம் ஆனது. சடையன் கடிதத்தை மடித்து உறையில் போட்டார். ஆர்த்தி கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். "அப்பா" என்றாள். "வேலூர் பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காரு. உனக்கு வாந்தி வரும்" என்றார் அவர். பையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பாதையில் இறங்கினார்.

தபால் நிலையத்தில் கூட்டம் இருந்தது. அவர் முறை வந்தபோது உறையின் வாயில் பசை தடவி ஒட்டி, ஓரம் தூக்காமல் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். ஸ்பீடு போஸ்ட் கவுன்ட்டரில் இருந்த பெண் எடை போட்டுவிட்டு முகவரியைப் படித்தாள்.

"கஸ்தூரிங்கறது யாரு? நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

பின்னால் நின்றவர் பொறுமையில்லாமல் இருமினார்.

"ஒண்ணும் வேணாங்க" என்றார் சடையன். "தபால்ல சேர்க்கச் சொன்னாங்க, சேர்க்கறேன்."

அவள் உறையின்மேல் கோடு போட்ட சீட்டை ஒட்டினாள். முத்திரையை ஓங்கிக் குத்தினாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், பின்னால் வாயைத் திறந்து வைத்திருந்த சாக்கில் கடிதத்தைப் போட்டாள்.